இரண்டாம் அழைப்பில் வெந்நீர்

ஓஸ்னி, இத்தாஜாயி மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபம் முழுவதையும் ஐஸோடு கழித்த மனிதருக்கு வயதான காலத்தில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது. நாளைக்கு ஒரு வேளை, வலது தோளின் மேல் வெந்நீர் விழ வேண்டும். அந்தத் தோள் இறுகிப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கையைத் தூக்கித் தலை வார முடியாது. சட்டை போடுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். "மாத்திரை வயித்தைத்தான் கெடுக்கும். விடாம வெந்நீர் விழட்டும், தோள் தானா இளகும்" என்று சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

ஓஸ்னியின் மனைவி ஜுரேமாவின் அக்கா இறந்து, குரிட்டிபா நகரத்தில் அவளுடைய மூன்றாம் மாடி வீடு தங்கைக்கு வந்தபோது, புருஷனும் பெண்சாதியும் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். கட்டில், தையல் மிஷின், சேவல் படம் போட்ட காப்பிக் குடுவை எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, ஜுரேமா ஸ்க்ரூ டிரைவரோடு குளியலறைக்குள் போய்ச் சுவரிலிருந்த, தண்ணீரைத் தானே சுடவைத்துக் கொட்டும் மின்சார ஷவரையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நல்ல ஷவர். அதை எவனோ வாடகைக்காரனுக்கு விட்டுவிட்டு வர அவளுக்கு மனசில்லை.

இரண்டு ஊர்களுக்கும் ஒரே நாடு, ஒரே பணம், ஒரே கன்னிமாதா. மின்சாரம் மட்டும் வேறு. இத்தாஜாயியில் இருநூற்றிருபது வோல்ட், குரிட்டிபாவில் நூற்றிருபத்தேழு. நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. வீடு மாறும்போது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

புது வீட்டில் ஷவரை மாட்டினார்கள். திறந்தார்கள். தண்ணீர் கன்னத்தில் வழிந்த கண்ணீர்போல வந்தது. சூடு என்றும் சொல்ல முடியவில்லை, குளிர் என்றும் சொல்ல முடியவில்லை.

"கிழவி, இது குளியலா, ஞானஸ்நானமா?" என்று உள்ளேயிருந்து ஓஸ்னி கத்தினார். குழாயை மூடக் கை வைத்தவர் இன்னொரு கத்துக் கத்தினார். குழாய் ஷாக் அடித்தது.

மறுநாள் அனக்லேத்தோ என்ற எலெக்ட்ரீஷியன் வந்தான். ஷவரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"இத்தாஜாயி."

"அதானே பார்த்தேன். இது அந்த ஊர் கரண்டுக்குச் செஞ்சது. இங்கே மூணுல ஒரு பங்கு சூடுதான் கொடுக்கும்."

"அப்போ இந்த ஊர் ஷவரே வாங்கிடுறோம்பா" என்றாள் ஜுரேமா.

அனக்லேத்தோ சுவரில் கருகியிருந்த ஒரு திட்டைக் காட்டினான். "உங்க அக்கா வாங்கி மாட்டினாங்க. அதோ பாருங்க. உள்ளே இருக்கிறது துணி சுத்தின கம்பி. எங்க தாத்தாவுக்கே தாத்தா. இந்த ஊர் ஷவர் போட்டா அது கரண்டை நிறைய உறிஞ்சும், கம்பி வெந்துடும். உங்க ஷவர் நல்ல ஷவர்தான். தெருவிலேர்ந்து ரெண்டாவது கம்பி ஒண்ணு ஏறணும். ரெண்டும் சேர்ந்தா இருநூத்திருபது. எர்த்தும் போட்டுட்டா ஷாக்கும் இருக்காது. கிழவருக்குத் தோல் உரியிற மாதிரி வெந்நீர் வரும்."

"அப்போ ஏத்து!"

"எனக்கென்ன, ஒரு பகல் வேலை. ஆனா கம்பி கட்டடத்துச் சுவருக்குள்ள போகுதே. அதுக்குச் சபை கூடி முடிவு பண்ணணும்." சபை என்று சொல்லும்போது அவன் குரல் இழவு வீட்டில் பேசுவதுபோலத் தணிந்தது. "ஆறாம் மாடியில டாக்டர் அமில்காரைப் பாருங்க."

டாக்டர் அமில்கார் எந்த நோயையும் குணப்படுத்தியவர் அல்ல. எந்தப் படிப்பிலும் பட்டம் வாங்கியவரும் அல்ல. ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து, இது இன்னார் கையெழுத்துத்தான் என்று ஆயுள் முழுவதும் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவரை டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் அந்த ஊரில் மரியாதைக் குறைவு. பரோனேசா என்ற அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சபைக்கு அவர்தான் தலைவர். கழுத்தில் டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குப்பை கொட்டவும் டையோடுதான் இறங்குவார்.

"ஷாக் அடிக்குது டாக்டர்" என்று ஜுரேமா ஆரம்பித்தாள்.

"அது ஷாக் இல்லைம்மா. கட்டடத்தோட சுபாவம்." அவர் கனிவோடு சொன்னார். "ரப்பர் செருப்பு போட்டுக் குளிக்கணும். குழாயைக் காய்ஞ்ச துணியால மூடணும். விதி பதினொண்ணு. ஒத்தைப்படை மாடிக்காரங்க குளிக்கிறப்போ ரெட்டைப்படை மாடிக்காரங்க குளிக்கக்கூடாது. மீறினா ஃப்யூஸ் போய்க் கட்டடமே இருட்டாயிடும். விதி பன்னெண்டு."

"அந்தக் கம்பிதான் டாக்டர்... அதை மாத்திட்டா இந்த விதியெல்லாம் தேவையே..."

"விதியை எழுதினது நான்" என்றார் அமில்கார். பிறகு சபைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. முதல் அழைப்பு ஏழு மணி, குடியிருப்போரில் முக்கால்வாசிப் பேர் வந்தால். இரண்டாம் அழைப்பு ஏழரை மணி, வந்தவர்கள் எத்தனை பேரானாலும் சரி. ஜுரேமா ஆயுள் முழுவதும் முற்றம் வைத்த தனி வீட்டில் இருந்தவள். மாடிக் கட்டடத்தின் நெளிவுசுளிவு அவளுக்குத் தெரியாது. ஏழு என்றால் ஏழு என்று நினைத்து, ஓஸ்னிக்கு நல்ல சட்டை மாட்டிவிட்டு, அவித்த பைன் கொட்டை ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, கீழே விழாக்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஒரு ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் மட்டும் வரிசையாக நின்றன.

ஏழரைக்குச் சற்று முன்னால் அமில்கார் வந்தார். உட்கார்ந்திருந்த இருவரையும் கண்டு, தன் வீட்டுக் கட்டிலில் அந்நியன் படுத்திருப்பதைப் பார்த்தவர்போல வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்போ வந்தீங்க?"

"ஏழுக்கே வந்துட்டோம் டாக்டர்."

"முதல் அழைப்புக்கா?" அவர் முகம் வெளுத்தது. "நான் தலைவரானதிலேர்ந்து ஒருத்தர்கூட முதல் அழைப்புக்கு வந்ததில்லை, அம்மா. ஒருத்தர்கூட!"

"பின்னே எதுக்கு ஏழுன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் ஓஸ்னி.

"ஏழரைக்குக் கூட்டம் கூடணும்னா, ஏழுக்கு அது கூடாமல் இருக்கணும். ஒரு சபை முதல்ல முறைப்படி தோற்கணும், ஐயா. அப்புறம்தான் அது முறைப்படி ஜெயிக்க முடியும். நீங்க பாட்டுக்கு வந்து உட்கார்ந்துட்டா, அந்தத் தோல்வியோட கௌரவம் என்னாகிறது? முதல் அழைப்புங்கிறது ஒரு மரியாதை. வராம இருக்கிறதுதான் அந்த மரியாதையைச் செலுத்துற விதம்."

ஓஸ்னி ஒரு பைன் கொட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் அழைப்புக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஜுரேமாவின் எதிர்வீட்டு ஸ்டெஃபானியா. விதவை. சபையில் கொடுக்கும் பிஸ்கட் அவளுடைய நாய்க்குப் பிடிக்கும். இன்னொருவர் ஐந்தாம் மாடி வால்மோர். விழாக்கூடத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து, பரிசுப் பொட்டலத்தோடு வந்திருந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்புவது முறையல்ல என்று அமில்கார் அவரை உட்கார வைத்தார்.

ஜுரேமா எழுந்து தோளைப் பற்றிச் சொன்னாள், கம்பியைப் பற்றிச் சொன்னாள். ராத்திரிக்கு ராத்திரி அடுப்பில் பானை பானையாய்ச் சுடவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும், தோளில் ஊற்றுவதற்குள் அது ஆறிப்போவதையும் சொன்னாள்.

அமில்கார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "உங்க ஷவரைப் போட்டா ஃப்யூஸ் போகுதா?"

"போகலை. ஆனா சூடே..."

"போகலை!" அமில்கார் கண்ணைத் திறந்தார். மிச்ச வாக்கியம் அவர் காதில் விழவே இல்லை. "ரெட்டைப்படை மாடியில ஆள் குளிக்கிறப்போகூடவா?"

"போகலைதான், ஏன்னா அது கரண்டை இழுக்கிறதே..."

உடனே வெந்நீர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அமில்கார் தலைவர், ஸ்டெஃபானியாவும் வால்மோரும் உறுப்பினர்கள். வால்மோர் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஜுரேமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு ஜோடிக் காலுறை இருந்தது.

அந்த வாரமே குழு வந்தது. ஜுரேமா ஷவரைத் திறந்தாள். மூவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. கூரையிலிருந்த பல்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இமைக்கவே இல்லை" என்றார் அமில்கார். "இந்தக் கட்டடத்துல ஒரு ஷவர் திறந்து, பல்பு இமைக்காம எரியிறதை என் ஆயுசுல இப்போதான் பார்க்கிறேன்."

"தண்ணியைத் தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று ஓஸ்னி கெஞ்சினார்.

"தண்ணி உங்க சொந்த விஷயம், ஐயா. ஃப்யூஸ்தான் பொது விஷயம்."

அடுத்த சபையில், இரண்டாம் அழைப்பில், வந்திருந்த குழுவினர் மூன்று பேரும் ஏகமனதாக விதி பதிமூன்றை நிறைவேற்றினார்கள். பரோனேசா கட்டடத்தின் எல்லா வீடுகளிலும் இனி 'ஜுரேமா மாதிரி' ஷவர்தான் இருக்க வேண்டும். வெளியூர் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக இருநூற்றிருபது வோல்ட் ஷவர்கள் வந்து இறங்கின. மாட்ட வந்த அனக்லேத்தோ ஒவ்வொரு வீட்டிலும் இது தப்பு என்று சொன்னான். சொல்லிவிட்டு மாட்டினான். கூலியை வாங்கிக்கொண்டான்.

"நான் வெந்நீர் கேட்கப் போனேன் கிழவா" என்று ஜுரேமா கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "கடைசியில கட்டடத்துல இருந்த வெந்நீரும் போச்சு."

"கவலைப்படாதே. நான் ஒருத்தன் நடுங்கினேன். இப்போ துணைக்கு ஆள் சேர்த்துட்டே."

அந்த நாட்டில் நடுக் குளிர்காலமான ஜூலை பிறந்தது. காலையில் தெருவில் நிற்கும் கார்களின் கூரையில் உறைபனி வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது. ஜுரேமா லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் ஸ்டெஃபானியா தாங்க முடியாமல் கேட்டே விட்டாள். "ஏம்மா, உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் நாத்தம் பிடிச்சு அலைவீங்களா? நான் குளிச்சு எட்டு நாளாச்சு. என் நாயே என் மடியில உட்கார மாட்டேங்குது."

"கை தூக்கினது நீங்கதானே!"

"பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லித் தூக்கினேன்டி!"

புகார் அமில்காரை எட்டியது. அவர் கலங்கவில்லை. முகப்பில், கட்டடத்துக்குப் பெயர் தந்த பரோனேசா சீமாட்டியின் பொன்வண்ணம் பூசிய சிலையின் பக்கத்தில் நின்று, வேலைக்குப் போகிறவர்களை வழிமறித்து உரையாற்றினார்.

"ஃப்யூஸ் போய் ஒரு மாசம் ஆகுது! விதி பன்னெண்டை யாரும் மீறலை. ஏன்னா, ரெண்டு பேர் ஒரே நேரத்துல குளிக்கிறதே இல்லை. ஒருத்தரும் குளிக்கிறதே இல்லைன்னுகூடச் சொல்றாங்க. நிர்வாகம்னா இதுதான்! தண்ணி சூடா இல்லைன்னு சிலர் சொல்றாங்க. நான் கேட்கிறேன், யார் சொன்னது? முத்திரை எங்கே? ஒரு தண்ணி சூடா இல்லையான்னு தோல் சொல்ல முடியாது. தோலுக்குச் சட்டம் தெரியாது. நானே குளிச்சு, நானே சாட்சி சொல்லி, முத்திரை வச்சுக் கொடுக்கிறேன். அப்புறம் அது சூடுதான். அதை மறுக்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்."

சோதனைக்கு மூல ஷவர் இருக்கும் ஜுரேமாவின் வீடே தேர்ந்தெடுக்கப்பட்டது. சோதனையன்று காலை, வெளியே நாய்க்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம் கல்லாய் உறைந்திருந்தது. அமில்கார் நீச்சல் கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்தார். சாட்சி சொல்பவர் கௌரவமாக இருக்க வேண்டும் என்பதால் கழுத்து டையை மட்டும் கழற்றவில்லை. குழாயைத் திறந்துகொண்டு அடியில் நின்றார்.

"எப்படி இருக்கு டாக்டர்?" என்றாள் ஜுரேமா.

"சூ..." என்றார் அமில்கார். மேல் பல் கீழ்ப் பல்லோடு மோதியது. "சூ... சூடு."

"அப்போ வெளியே வந்துடுங்களேன்."

வெளியே வர அவரும் ஒரு கால் எடுத்து வைத்தார். அப்போதுதான் கவனித்தார். கதவருகே ஸ்டெஃபானியா நின்றாள். நாய் நின்றது. வால்மோரைக் காணோம்.

"குழு முழுசா இல்லை" என்றார் டாக்டர் அமில்கார், நீல உதடுகளோடு.

"அதனாலென்ன டாக்டர், நாங்க பார்த்தோமே!"

"முதல் அழைப்புல மூணு பேரும் இருக்கணும். இல்லைன்னா... இந்தச் சோதனை... செல்லாது. ரெண்டாம் அழைப்பு... அரை மணி கழிச்சு."

"அதுவரைக்கும் வெளியே வந்து கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்காருங்க. காப்பி போட்டுத் தர்றேன்."

அவர் கம்பளியைப் பார்த்த பார்வையில் அத்தனை ஆசை இருந்தது. ஆனால் தலையை ஆட்டினார். "தண்ணி சூடா இருந்தா... நான் ஏன் வெளியே வரணும்? வெளியே வந்தா... அதுவே எதிர்ச் சாட்சி ஆயிடும்."

அப்படியே நின்றார். டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓஸ்னி துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்து துணையிருந்தார். ஐஸ் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

"காலை மாத்தி மாத்தி வைங்க டாக்டர். மூக்கால மூச்சு விடுங்க. கிடங்குல நாங்க பாட்டுப் பாடுவோம், கொஞ்சம் மறக்கும்."

டாக்டர் அமில்கார் தேசிய கீதத்தை முணுமுணுத்தார். அது நீளமான கீதம். முழுக்கப் பாடியும் அரை மணி ஆகவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. கூடவே அவருக்கு மார்ச்சளியும் கிடைத்தது. ஆறாம் மாடியில் கட்டிலோடு கட்டிலாய்ப் படுத்துவிட்டார். சான்றிதழை அங்கீகரிக்கும் சபைக் கூட்டத்துக்கு ஒட்டிய அறிவிப்பு லிஃப்டில் அப்படியே தொங்கியது. அதை ஜுரேமா ஏறும்போதும் இறங்கும்போதும் படித்தாள். முதல் அழைப்பு ஏழு. இரண்டாம் அழைப்பு ஏழரை, வந்தவர்கள் எத்தனை பேரானாலும் சரி. எத்தனை பேரானாலும் சரி.

"கிழவா, சட்டையைப் போடு."

"மணி ஏழுதானே ஆகுது?"

"அதான் மெதுவா போடு. முதல் அழைப்புக்கு மரியாதை செலுத்தணும்."

ஏழரைக்கு விழாக்கூடத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. தலைவர் காய்ச்சலில் கிடக்கிறார், பிஸ்கட் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். ஜுரேமா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெற்று நாற்காலிகளுக்கு முன்னால்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"பரோனேசா கட்டடத்துக்குத் தெருவிலேர்ந்து புதுக் கேபிள் இழுக்கணும். ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டாவது கம்பியும் எர்த்தும் ஏத்தணும். சிலைக்கு வருஷா வருஷம் பொன்வண்ணம் பூச வச்சிருக்கிற நிதியிலேர்ந்து செலவு பண்ணணும். யாராவது எதிர்க்கிறீங்களா?"

ஒரு நாற்காலியும் எதிர்க்கவில்லை.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஓஸ்னி வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது மார்புக்கு மேல் வரவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். வலியில் முகம் கோணியது. "ஏகமனதா, தலைவரே" என்றார்.

மறுநாள் அனக்லேத்தோ சுவரை உடைக்க ஆரம்பித்ததும், சிலையின் பணத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று கட்டடம் கொதித்தது. ஸ்டெஃபானியா முன்னால் போக, செருப்பும் கம்பளியுமாய் ஒரு கூட்டமே ஆறாம் மாடிக்கு ஏறி டாக்டர் அமில்காரின் கட்டிலைச் சூழ்ந்தது. முதல் அழைப்புக்குத் தேவையான முக்கால்வாசிப் பேர் ஓரிடத்தில் கூடியது கட்டடத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரு! புருஷனும் பொண்டாட்டியும்! இதுக்குப் பேரு சபையா டாக்டர்? செல்லாதுன்னு சொல்லுங்க!"

அமில்கார் தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். பைஜாமாவின் மேல் டை கட்டியிருந்தது.

"எந்த அழைப்புல?" என்று கேட்டார்.

"ரெண்டாம் அழைப்புல" என்றாள் ஜுரேமா, கதவோரத்திலிருந்து.

அமில்கார் நெடுநேரம் இருமினார். "அப்போ செல்லும்" என்றார்.

"டாக்டர்!"

"என்னைத் தலைவராத் தேர்ந்தெடுத்தப்போ யார் வந்தீங்க? சொல்லுங்க பார்ப்போம். நான் வந்தேன். என் மைத்துனன் வந்தான். அவனும் பாதியில போயிட்டான். விதி ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் இப்படித்தான் பிறந்தது. இவங்க தீர்மானம் செல்லாதுன்னா, நானே செல்ல மாட்டேன்! அந்த முத்திரையை எடுங்க."

கட்டிலில் இருந்தபடியே குத்தினார். தன் விதிகளையே வேண்டாததாக்கும் தீர்மானத்துக்குத் தானே முத்திரை வைத்ததைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முறை காப்பாற்றப்பட்டதில் முகத்தில் சற்றுத் தெளிவுகூட வந்திருந்தது.

வேலை கீழிருந்து மேலே, மாடி மாடியாக நடந்தது. மூன்றாம் மாடிக்குக் கம்பி ஏறிய சாயங்காலம், ஓஸ்னி பழக்க தோஷத்தில் ரப்பர் செருப்போடு குளியலறைக்குள் போனார். பிறகு கதவிடுக்கு வழியாக வெள்ளை ஆவி வந்தது. ஜுரேமா கதவில் காது வைத்தாள். உள்ளே ஐஸ் கிடங்குப் பாட்டு கேட்டது. நடுவில் ஒரு விசும்பல் கேட்டது. மறுபடி பாட்டு.

வாசல் மணி அடித்தது.

டாக்டர் அமில்கார் நின்றுகொண்டிருந்தார். உடம்பில் கம்பளி, தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி. ஆறாம் மாடிக்குக் கம்பி ஏற இன்னும் நாளாகும். அவர் மூக்கு ஆவியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஜுரேமாம்மா... மார்ச்சளிக்கு வெந்நீர் நல்லதுன்னு டாக்டர் சொன்னார். நிஜ டாக்டர். கொஞ்சம்... உங்க குளியலறையில..."

ஜுரேமா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே பாட்டு மூன்றாவது தடவையாக முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

"இது முதல் அழைப்பு டாக்டர்" என்றாள். "அரை மணி கழிச்சு வாங்க."

டாக்டர் அமில்கார் முறையாகத் தலைகுனிந்து வணங்கி, சோப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் உட்கார்ந்தார்.